அறுபதோடு நிறுத்தத் தெரிந்தவள்

அவைக்குத் தலைமை ஏற்று, விழா தொடங்கிய நேரத்திலிருந்து அசையாமல் அமர்ந்திருக்கும் எங்கள் மன்றத் தலைவர், மதிப்புக்குரிய இராசலிங்கம் அண்ணை அவர்களே! அவருக்கு இடமும் வலமும் அணி செய்யும் ஆன்றோரே, ஆலோசகர்களே, அருந்தமிழ் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே! காலையில் வேலை, மதியம் சமையல், மாலையில் மண்டபம் என்று ஓடி ஓடிக் களைத்தும் களை குன்றாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மாரே! தமிழ்ப் பாடசாலைக்கும் நடன வகுப்புக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்கியே வாகனம் தேய்ந்த தந்தைமாரே! சமையலறையில் றோல்ஸ் பொரித்துக்கொண்டே ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருக்கும் அன்பர்களே! ஒலிவாங்கி ஊளையிடும் போதெல்லாம் ஓடோடி வரும் ஒலியமைப்பாளரே! கடைசி வரிசையில் கைப்பேசியில் முகம் புதைத்து, என் பேச்சு எப்போது முடியும் என்று காத்திருக்கும் இளையோரே! இந்த ஜெர்மன் மண்ணில் வாழும் ஹம் நகரத்தவரே, ஹம்முக்கு அயலவரே! உங்கள் அனைவருக்கும் சுலோஜனாவின் மாலை வணக்கம்.

"இளையோரும் இன்றைய விளையாட்டும்" என்ற தலைப்பைத் தலைவர் எனக்குத் தொலைபேசியில் தந்தபோது, நான் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எண்ணியிருப்பார். அவர் எண்ணியதில் தவறில்லை. தவறு, எனக்கு உதைபந்தாட்டம் தெரியாதது. எனக்குத் தெரிந்த விளையாட்டில் ஓட்டம் இல்லை, உதை இல்லை, வியர்வை மட்டும் நிறைய உண்டு. அட்டை விளையாட்டு!

அங்கே யாரோ "காட்ஸோ?" என்று கேட்பது காதில் விழுகிறது. ஓம் ஐயா, காட்ஸ்தான். ஆனால் கோயில் திருவிழாவுக்கு வந்த இடத்தில், கார்த் தரிப்பிடத்து மர நிழலில் பாய் விரித்து நீங்கள் அடிக்கும் முந்நூற்றுநாலு அல்ல. உங்கள் ஆட்டத்தில் எவரோ குலுக்கித் தந்ததை எடுத்துக்கொண்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விதியே என்று விளையாடுகிறீர்கள். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆயிரக்கணக்கான அட்டைகள் அச்சாகின்றன. ஒன்றில் ஓநாய், ஒன்றில் ஓடம், ஒன்றில் ஊரை எரிக்கும் நெருப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வலிமை, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலக்கு. அவற்றுள் எதை எடுப்பது, எதை விடுப்பது என்று வீட்டிலேயே தீர்மானித்து, கட்டாகக் கட்டி, எதிரே அமர்பவரின் கட்டோடு மோத வேண்டும். கட்டில் குறைந்தது அறுபது அட்டைகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூடினால்? கூடினால் கேட்பாரில்லை. அறுபத்தைந்தும் வைக்கலாம், நூறும் வைக்கலாம். அந்தக் கேட்பாரில்லாத இடத்தில்தான் நான் சொல்லப்போகும் கதை நடக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரநாட்களில் டோட்முண்டில் ஒரு பல் வைத்தியருக்குப் பக்கத்தில் நிற்பவள். வார இறுதிகளில் இந்த அட்டைப் போட்டிகளில் நடுவராக மேசைகளுக்குப் பக்கத்தில் நிற்பவள். இரண்டு இடத்திலும் வலி என்னுடையது அல்ல. இரண்டு இடத்திலும் நான் பதறினால் வேலை கெட்டுவிடும். ஆகவே இன்றைக்கும் பதறாமல், பக்கம் சாராமல், கண்டதைக் கண்டபடி சொல்லிவிட்டு இறங்கலாம் என்று வந்திருக்கிறேன். கைதட்டுவதை உங்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறேன்.

கதையின் நாயகி துஷானி. உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். இந்த நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். இங்கே அமர்ந்திருக்கும் பாதிப் பேரின் கண்ணாடியை அவள்தான் காதுக்கு அளவாக வளைத்துக் கொடுத்திருப்பாள். அவள் இன்று வரவில்லை. அவளிடமும், அவளுடைய நண்பன் பிருந்தனிடமும் அனுமதி பெற்றுத்தான் பேசுகிறேன். பிருந்தன் பண்டகசாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவன். இருவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளிகள். இல்லை அக்கா, நீங்கள் நினைப்பது போல ஒன்றுமில்லை. கூட்டாளிகள் என்றால் கூட்டாளிகள்தான்.

டோட்முண்டில் ஆண்டுக்கு ஒரு முறை மேற்கு மண்டலப் போட்டி நடக்கும். பல நூறு பேர் வருவார்கள். நாள் முழுவதும் சுற்றுச் சுற்றாக ஆடி, முதல் எட்டு இடத்துக்குள் வருபவர்களுக்குக் காசல் நகரில் நடக்கும் தேசியப் போட்டியில் இடம் கிடைக்கும். ஒன்பதாவதாக வருபவருக்குக் கைகுலுக்கல் கிடைக்கும். துஷானி இரண்டு முறை ஒன்பதாவதாக வந்தவள். இரண்டு முறையும் கைகுலுக்கியவர்களில் நானும் ஒருத்தி. இந்த ஆண்டு அவளுக்குக் கடைசி ஆண்டு. இலையுதிர்காலத்தில் அவளுக்குக் கண்ணாடித் தொழிலில் மைஸ்டர் என்ற முதுநிலைத் தேர்ச்சிப் படிப்பு ஆரம்பிக்கிறது. வகுப்புகள் முழுக்க வார இறுதியில். அதன் பிறகு போட்டிக்கு நேரம் ஏது? ஆகவே காசல் என்றால் இப்போது, இல்லையென்றால் எப்போதுமில்லை. அவள் அதை எவரிடமும் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அது வேண்டும். மிகவும் வேண்டும். அவள் அட்டை குலுக்குவதைப் பார்த்தாலே தெரியும்.

அப்படியானால் திறமை இருந்தும் ஏன் ஒன்பது? துணிவு இல்லையா? உண்டு! பயிற்சி இல்லையா? உண்டு! படிப்படியாக யோசிக்கும் பக்குவம் இல்லையா? அதுவும் உண்டு! பிறகு எது குறை? எதுவும் குறையவில்லை, அன்பர்களே. கூடிப் போயிருந்தது!

அதைக் கண்டுபிடித்தவள் டொறத்தி. மன்னாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, பிறந்தது மூன்ஸ்டரில். ஞாயிறு பூசையைத் தவறவிடாதவள், மனதில் பட்டதைச் சொல்லாமல் விடாதவள். துஷானியோடு பயிற்சி ஆட வந்தவள், ஒரு நாள் அவளுடைய கட்டைக் கையில் எடுத்து எண்ணினாள்.

"இதிலை அறுபத்திநாலு கிடக்கு. ஏன் நாலு கூட?"

துஷானி ஒவ்வோர் அட்டையாக எடுத்துக் காட்டினாள்.

"இது மச்சாள் பிறந்தநாளுக்குத் தந்தது. இது பெரியம்மான்ரை மகன் லக்ஸன் சுவிஸிலையிருந்து அனுப்பினது. இது நான் முதல் முதல் வெண்டபோது வைச்சிருந்தது. இது பிருந்தன் முதல் நாள் தந்த இரும்பு ஆமை, இது இல்லாமல் நான் விளையாட வந்திருக்கவே மாட்டன்."

டொறத்தி கட்டை மேசையில் வைத்தாள்.

"இது டெக் இல்லையடி. கலியாண வீட்டுக்குச் சொல்லுற ஆக்களின்ரை லிஸ்ட்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் இந்த மண்டபத்தையே ஒரு முறை சுற்றிப் பாருங்கள். இன்று மாலை மங்கல விளக்கு ஏற்ற எத்தனை பேரை அழைத்தோம்? திரி முடிந்தது, ஆள் முடியவில்லை. எண்ணெய் தீர்ந்தது, பெயர் தீரவில்லை. ஒருவரை அழைத்துவிட்டு அவர் தம்பியை அழைக்காமல் விட ஏலுமா? ஏலாது. நன்றியுரையில் வாழையிலை கொண்டுவந்தவரைச் சொல்லிவிட்டு வாளி கொண்டுவந்தவரைச் சொல்லாமல் விட ஏலுமா? விட்டால் அடுத்த விழாவுக்கு வாளி வராது! நம்மவர் எங்கே போனாலும், எந்த நாட்டில் எந்த மொழியில் வாழ்ந்தாலும், எவரையும் விட்டுவிடக்கூடாது என்ற ஒன்றை மட்டும் விடமாட்டோம். அதில் அழகுண்டு, அன்புண்டு, மறுக்கவில்லை. அந்த அன்பை ஓர் அட்டைக் கட்டுக்குள் கொண்டுபோய் வைத்தாள் துஷானி. ஜெர்மன் பிள்ளைகள் எத்தனையோ பிழை விடுவார்கள். இந்தப் பிழையை நம் பிள்ளை மட்டும்தான் விடுவாள்.

நாலு அட்டை கூடினால் என்ன குடி முழுகிவிடுமா என்று கேட்பீர்கள். தாய்மாரே, நீங்கள் சொல்லுங்கள். சொதிக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் கூட விட்டால் என்ன நடக்கும்? சட்டி நிறையும், சுவை குறையும். அதே கணக்குத்தான் இங்கேயும். கட்டில் உள்ள மிகச் சிறந்த அட்டைகள், தேவையான நேரத்தில் கைக்கு வர வேண்டும். நடுவில் அன்பளிப்புகள் நின்றால் அவை பிந்தி வரும். ஓர் ஆட்டத்தில் அது தெரியாது. ஒரு நாள் முழுக்க ஆடினால், எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருக்கிற அந்த மெல்லிய கோட்டில் தெரியும்.

துஷானிக்குக் கணக்கு விளங்காமலில்லை. விளங்கியதால்தான் நித்திரை வரவில்லை. மூன்று அட்டைகளை மூச்சுப் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தாள். நான்காவது ஆமை. படத்தில் அது அப்பாவிப் பிராணி. முதுகில் இரும்பு ஓடு, கண்ணில் தூக்கம். எதிரியின் ஒரு தாக்குதலை முழுதாகத் தாங்கிவிட்டு அழிந்துபோகும், அவ்வளவுதான் அதன் தொழில். துஷானியின் கட்டு வேகமான கட்டு, பாய்ந்து அடிக்கிற கட்டு. பாய்கிறவளுக்கு ஆமை எதற்கு? பிருந்தனுடைய கட்டு பொறுமையான கட்டு. அவனுக்கு அது பொருந்தும். அவனும் ஒன்று வைத்திருந்தான். எல்லாம் சரி. ஆனால் தந்தவனிடம் அதை எப்படிச் சொல்வது?

நாம் இப்படிப்பட்ட செய்தியை எப்படிச் சொல்வோம்? நேரே சொல்வோமா? மாட்டோம். மூன்றாம் ஆளைப் பிடிப்போம். துஷானியும் டொறத்தியைத்தான் பிடித்தாள்.

"நீ ஒருக்கால் அவனுக்குச் சொல்லிவிடன்."

"நான் சொல்ல மாட்டன். உன்ரை டெக், உன்ரை வாய்."

நம் நகரத்து ஊன்ட்றொப் அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழா அன்று, சனத்தின் நடுவே, கால்வாய்க் கரைப் பக்கமாக, அன்னதானத் தட்டோடு நின்ற பிருந்தனிடம் போய்த் துஷானி சொன்னாள்.

"பிருந்தன், உன்ரை ஆமையை எடுத்திட்டன்."

அவன் ஒரு வாய் சோறு உண்டான். பருப்பைக் குழைத்தான். கால்வாயைப் பார்த்தான்.

"சரி."

அந்தச் "சரி"யை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்ட உறவுக்காரர், கண்ட இடத்தில் சிரித்துக்கொண்டு சொல்வாரே, அதே சரி. அதன் பிறகு அவன் பயிற்சிக்கு வரவில்லை. தொலைபேசியும் எடுக்கவில்லை.

இங்கேதான் நான் மனத்தைப் பற்றிப் பேச வேண்டும். கட்டை அறுபதாக்குவது ஒரு மாலை வேலை. தலைக்குள் இருப்பதைக் குறைப்பது அப்படியல்ல. போட்டி மண்டபத்தில் என் வேலை நிற்பதும் பார்ப்பதும்தான் என்பதால், பல ஆண்டுகளாகத் தோற்பவர்களைப் பார்த்து வருகிறேன். அறிவு குறைந்து தோற்பவர் சிலர். போன ஆட்டத்தை இந்த ஆட்டத்துக்குள் இழுத்து வந்து தோற்பவர் பலர். ஒரு சுற்று முடிந்ததும் வாசலில் கூடி நின்று தங்கள் துரதிர்ஷ்டத்தைப் பாடுவார்கள். "எனக்கு அது வரவேயில்லை, அவனுக்கு எல்லாம் வந்தது!" ஜெர்மன்காரர் ஒரு மொழியில் பாடுவார், நம்மவர் இரண்டு மொழியில் பாடுவார். பாடி முடித்து உள்ளே வரும்போது அடுத்த ஆட்டமும் பாதி போயிருக்கும்.

துஷானியும் டொறத்தியும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். துரதிர்ஷ்டக் கதை சொல்பவர் அன்றைக்குக் கோப்பை கழுவ வேண்டும். முதல் வாரம் முழுக்கத் துஷானிதான் கழுவினாள். பிறகு இருவரும் மாறி மாறிக் கழுவினார்கள். பிறகு கோப்பைகள் அப்படியே கிடந்தன.

இன்னொன்று பழகினாள். ஆட்டம் தொடங்கும்போது கையில் ஏழு அட்டைகள் வரும். அவை சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கலாம். ஆனால் ஒன்று குறைவாகத்தான் தருவார்கள். ஏழைக் கொடுத்து ஆறை வாங்க யாருக்கு மனம் வரும்? அரைகுறைக் கையை வைத்துக்கொண்டு, "பாப்பம், வந்தாலும் வரும்" என்று நம்பியிருப்பதுதான் மனித இயல்பு. துஷானி அந்த நம்பிக்கையைக் கைவிடப் பழகினாள். கை சரியில்லையா, கொடு. வருந்தாதே, வாதாடாதே, வாங்கு, விளையாடு. சாப்பாட்டையும் மாற்றினாள். அவளுடைய அம்மா சுந்தரேஸ்வரி அக்கா, போட்டிக்குப் போகிற பிள்ளைக்குப் புட்டும் கறியும் கட்டிக் கொடுப்பது வழக்கம். அதைத் தின்றால் மூன்றாம் சுற்றில் கண் சொருகும். இந்த முறை வாழைப்பழமும் தண்ணீரும். சுந்தரேஸ்வரி அக்காவை அதற்குச் சம்மதிக்க வைத்ததுதான் முழுத் தயாரிப்பிலும் கடினமான பகுதி என்று துஷானி என்னிடம் சொன்னாள்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "சுருக்கவும்." ஓம் அண்ணை, சுருக்குகிறேன். போட்டி நாளுக்கே வந்துவிட்டேன்.

போட்டி நாளன்று பிருந்தனும் வந்தான், தன் கட்டோடு, தன் சரியோடு. இருவரும் தூரத்தில் தலையசைத்துக்கொண்டார்கள். துஷானி முதல் இரண்டு சுற்றையும் தோற்றாள். கட்டு அறுபது. கை நன்றாக வந்தது. ஆனாலும் தோற்றாள். ஏனென்றால் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவள் கண் நாலு மேசை தள்ளி இருந்த பிருந்தனிடம் போய்ப் போய் வந்தது. நான் பார்த்தேன். பார்ப்பது என் வேலை, சொல்வது என் வேலையல்ல. இன்னுமொரு தோல்வி வந்தால் அவளுடைய காசல் கனவு அந்த மண்டபத்திலேயே முடிந்துவிடும்.

இடைவேளையில் அவள் நேரே அவனிடம் போனாள். தண்ணீர் எடுக்கிற இடத்தில் நான் நின்றதால் காதில் விழுந்தது.

"உனக்குக் கோபமெண்டா கோவி. ஆனா இண்டைக்கு வேண்டாம். பின்னேரம் கோவி."

பிருந்தன் தன் தண்ணீர்ப் போத்தலைக் குழாயடியில் பிடித்தான்.

"ஆமையை எடுத்தது சரியடி. எனக்கும் தெரியும். நீ எடுத்தாய், எனக்கு வலிச்சது, அவ்வளவுதான். போய் விளையாடு."

அவ்வளவுதான், அன்பர்களே. ஆண்டுக்கணக்கில் நம் குடும்பங்கள் பேசாமல் இருக்கிற எத்தனையோ காரணங்களை நான் அறிவேன். ஒரு தண்ணீர்ப் போத்தலை நிரப்புகிற நேரத்தில் இவர்கள் முடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆடினாள் ஓர் ஆட்டம்! அடித்தாள், அடித்ததை மறந்தாள். வென்றாள், வென்றதை மறந்தாள். எதிரே ஆயாசத்தோடு அமர்ந்தவரும் ஆணவத்தோடு அமர்ந்தவரும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தார்கள். சுற்றுக்குச் சுற்று ஏறினாள். பல நூறு பேர் அட்டை குலுக்கும் சத்தம் தகரத்தில் மழை பெய்வது போல இருக்கும்; அதன் நடுவே அவள் மேசை மட்டும் அமைதியாக இருந்தது.

கடைசிச் சுற்றுக்கு முன் சோடிகள் திரையில் விழுந்தன. வெல்பவர் எட்டுக்குள். தோற்பவர் வெளியே. சமனாக முடித்தால் இருவரும் வெளியே. துஷானிக்கு எதிரே யார் பெயர்?

அங்கே ஒரு தம்பி சொல்லிவிட்டார். ஓம், பிருந்தன்தான். அவனும் அமைதியாக ஏறி வந்திருந்தான்.

அவர்கள் இருவரும் என் ஊர்ப் பிள்ளைகள் என்பதால் தலைமை நடுவர் அந்த மேசைக்கு வேறொருவரை விட்டுவிட்டு, என்னைப் பக்கத்து மேசைக்கு அனுப்பினார். நியாயம்தான். ஆனால் மேசைகளுக்கு நடுவே ஒரு முழத் தூரம்கூட இல்லை. பிருந்தன் அமர்ந்ததும் தன் கட்டை வெளியே எடுக்கவில்லை.

"துஷானி, நான் விடுறன். நீ போ. எனக்கு அடுத்த வருசமும் இருக்கு."

சட்டப்படி அதில் பிழையில்லை. எதையும் பதிலுக்குக் கேட்காமல் ஒருவர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கலாம். அவள் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், காசல் அவளுக்கு. இரண்டு ஒன்பதுகளும் ஈடாகிவிடும். நான் பக்கத்து மேசையைப் பார்க்க வேண்டியவள். உண்மையைச் சொல்கிறேன், பார்க்கவில்லை. நடுவர் பக்கம் சாயக்கூடாது. சாய்ந்தேன்.

துஷானி சிரித்தாள்.

"விட்டுத் தந்தா ஒவ்வொரு கலியாண வீட்டிலையும் சொல்லிக் காட்டுவாய். டெக்கை எடு."

"உண்மையாத்தான் சொல்லுறன்."

"தெரியும். அதுதான் எடு எண்டுறன்."

எடுத்தான். மூன்று ஆட்டங்களில் இரண்டு வெல்ல வேண்டும். முதல் ஆட்டம் துஷானிக்கு. இரண்டாவது பிருந்தனுக்கு. மூன்றாவதில் அவள் தொடக்கக் கையைப் பார்த்தாள், சரியில்லை. கொடுத்தாள். ஆறு வாங்கினாள். ஆறோடு ஆடி, அடிக்கு மேல் அடி அடித்து, அவனை விளிம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். இன்னும் ஒரே ஒரு தாக்குதல். அவன் கையில் ஒன்றுமில்லை. அவன் முறை. கட்டின் மேலிருந்து ஒரே ஓர் அட்டை எடுக்கலாம்.

எடுத்தான். பார்த்தான். உடனே வைக்கவில்லை. அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தான்.

இரும்பு ஆமை.

தாக்குதலைத் தாங்கியது, அழிந்தது. அடுத்த முறை அவனுக்கு நல்ல அட்டை வந்தது, அதற்கடுத்த முறை இன்னும் நல்லது. ஆட்டம் முடிந்தது. துஷானி கையை நீட்டினாள். "நல்லா விளையாடினாய்" என்றாள். அட்டைகளை எண்ணி அறுபதும் இருக்கிறதா என்று பார்த்துப் பெட்டியில் வைத்தாள். தண்ணீர் குடிக்கப் போனாள்.

முன்வரிசையில் மகாதேவி அக்கா ஏதோ கேட்கிறா. சத்தமாகக் கேளுங்கோ அக்கா. "அப்ப அந்த ஆமையை வைச்சிருந்தால் வெண்டிருப்பாள்தானே?"

கேட்டீர்களே, ஒரு கேள்வி! இதைக் கேட்பீர்கள் என்று தெரிந்துதான் இவ்வளவு தூரம் வந்தேன். இல்லை அக்கா. அவள் ஆமையை எடுத்தது சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, ஆமையால் தோற்ற பிறகும் சரி! அவள் கட்டில் ஆமை இருந்திருந்தால் கடைசிச் சுற்று வரைக்கும் வந்திருக்கவே மாட்டாள். ஓர் அட்டை எடுத்த பிறகு வந்த பலனைக் காட்டி, எடுக்கும் முன் செய்த முடிவைக் குற்றம் சொல்ல முடியாது. அட்டை எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் வருகிறது. முகம் தெரிந்த பிறகு எல்லோரும் மேதை!

அட்டையை ஒரு நிமிடம் கீழே வைக்கிறேன். அன்பர்களே, இந்த மண்டபத்தில் நாம் வாராவாரம் விளையாடும் ஆட்டம் எது? "அண்டைக்கு லண்டனுக்குப் போயிருக்கலாம்." "தம்பி கனடாவிலை வீடு வாங்கிட்டான், நான் இஞ்சை வந்து மாட்டுப்பட்டன்." "கடையை விக்காமல் இருந்திருக்கலாம்." "பிள்ளையை வேறை படிப்புப் படிப்பிச்சிருக்கலாம்." எத்தனை பிறந்தநாள் விழாவில், எத்தனை சாவீட்டில், எத்தனை கதிரை வட்டத்தில் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டேன்! நான் உங்களைக் கேட்கிறேன். விமான நிலையத்தில் மொழி தெரியாமல் நின்ற அன்றைக்கு உங்கள் கையில் என்ன இருந்தது? கனடா இருந்ததா? லண்டன் இருந்ததா? இருந்தது ஒரு பை, ஒரு முகவரி, ஒரு பயம். இருந்த கையை வைத்து இருந்த அறிவில் ஆடினீர்கள். ஆடிய ஆட்டம் சரியா என்று கேளுங்கள், தவறென்றால் திருத்துங்கள். ஆனால் பின்னால் வந்த அட்டையைக் கொண்டுவந்து வைத்து, முன்னால் எடுத்த முடிவை அடிக்காதீர்கள்! உங்களையும் அடிக்காதீர்கள், உங்கள் துணையை அடிக்காதீர்கள், உங்கள் பிள்ளையை அடிக்காதீர்கள்! தேர்வில் தோற்ற பிள்ளையிடம் "என்ன வந்தது?" என்று கேட்கும் முன், "எப்படி ஆடினாய்?" என்று கேளுங்கள். சரியாக ஆடித் தோற்றவளை, தவறாக ஆடி வென்றவனைவிட ஒரு படி மேலே வைக்கும் நெஞ்சுரம் நமக்கு வேண்டாமா? வேண்டும்! அந்த நெஞ்சுரம் இல்லாத வீட்டில் எந்தப் பிள்ளை துணிந்து ஒரு முடிவை எடுக்கும்?

பதறமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் குரலை உயர்த்திவிட்டேன். மன்னியுங்கள். முடிக்கிறேன்.

பிருந்தன் காலிறுதியில் தோற்றான். ஆனாலும் காசலுக்கு அவனுக்கு இடமுண்டு. அன்றைக்கு ஆட வந்திருந்த டொறத்தியையும் சேர்த்து நாங்கள் நால்வரும் டோட்முண்ட் நிலையத்துக்கு வந்தோம். ஹம் போகும் தொடருந்து வழக்கம் போலப் பிந்தி வந்தது. ஏறி அமர்ந்தோம். துஷானியின் தொலைபேசி அடித்தது, சுந்தரேஸ்வரி அக்கா.

"என்ன பிள்ளை, வெண்டனியோ?"

"இல்லையம்மா."

"சரி, வா. புட்டு அவிக்கிறன்."

தொலைபேசியை வைத்தாள். எதிரே அமர்ந்திருந்த பிருந்தனைப் பார்த்தாள். மகிழவும் தெரியாமல், மகிழாமல் இருக்கவும் தெரியாமல் அவன் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்ரை டெக்கைத் தா."

கொடுத்தான். மடியில் வைத்து எண்ணினாள்.

"அறுபத்தொண்டு."

பாருங்கள், அறுபதாக்கியவள் தோற்றாள், அறுபத்தொன்றோடு வந்தவன் வென்றான். டொறத்தி வாயைத் திறந்தாள். பிறகு தானே மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதை அன்றைக்குத்தான் முதல் முறை கண்டேன். துஷானி கட்டைப் புரட்டி, நடுவிலிருந்து ஓர் அட்டையை இழுத்தாள். வெள்ளை நரி.

"இது என்னத்துக்கு இதுக்குள்ளை?"

"அது நீ தந்தது."

"தெரியும். காசலிலை இதோடை நிண்டு பிடிக்க ஏலாது. வெளியிலை எடு."

"இருக்கட்டும் துஷானி. ஒண்டுதானே."

"பிருந்தன். நான்தான் தந்தனான். நான் சொல்லுறன். எடு."

அவன் அந்த நரியை வாங்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு, அவள் கையிலேயே திருப்பி வைத்தான். அப்போதுதான் அவள் அழுதாள். மண்டபத்தில் அழாதவள், ஆமை விழுந்தபோது அழாதவள், ஹம் வரும் வரைக்கும் அழுதாள். பிருந்தன் மீதி அறுபதையும் ஒழுங்காக அடுக்கினான், பெட்டியை மூடினான், அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தான்.

இன்று மாலை அவர்கள் இருவரும் இங்கே இல்லாததற்குக் காரணம், காசல் போட்டி இன்றைக்குத்தான். பிருந்தன் ஆடுகிறான். துஷானி அவனுக்குத் தண்ணீரும் வாழைப்பழமும் கொண்டு கூடப் போயிருக்கிறாள். முடிவு எனக்குத் தெரியாது. நான் கைப்பேசியைப் பார்க்கவும் இல்லை.

பொறுமையோடு செவி கொடுத்த பெரியோருக்கும், கேள்வி கேட்டுப் பேச்சை நடத்திய மகாதேவி அக்காவுக்கும், துண்டு அனுப்பியும் ஒலிவாங்கியைப் பறிக்காத தலைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, சுகமாக வீடு போய்ச் சேருங்கோ. வணக்கம்.